மூன்று வீட்டுக்கு ஒரே இரவுச் சாப்பாடு: தவறு கோழியிலா, சோற்றிலா?

வாசகி ஒருவரின் நீண்ட கடிதம் வந்திருக்கிறது. ஒரே தளத்தில் மூன்று குடும்பங்கள். பெரியவர்கள் ஏழு பேர், குழந்தைகள் நான்கு பேர். திங்கள் முதல் வெள்ளி வரை இரவுச் சாப்பாட்டை முறை வைத்துச் சமைத்து மூன்று வீடும் பகிர்ந்துகொள்கிறார்கள். எட்டு மாதம் நன்றாக நடந்தது. போன மாதம் ஒரு வியாழக்கிழமை வாசகியின் முறை. மதியம் 12.30 மணிக்குச் சோறு வடித்து, பாத்திரத்தை இறுக மூடி அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். மாலை 7 மணிக்கு வந்து, அதே சோற்றைச் சூடான வாணலியில் காய்கறி, முட்டையோடு வறுத்திருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா அன்று கோழிக் குழம்பும் கொண்டுவந்திருக்கிறார். 8 மணிக்குச் சாப்பாடு. 10 மணிக்கு மேல் ஐந்து பேருக்குக் கடும் வாந்தி. காய்ச்சல் இல்லை. மறுநாள் மதியத்துக்குள் எல்லோரும் தேறிவிட்டார்கள்.

"கோழிதான் சரியாக வேகவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து பேச்சு நின்றுவிட்டது. கூட்டுச் சாப்பாட்டையே நிறுத்திவிடலாமா?" என்பது முதல் கேள்வி. மாமியாருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் தனியாகச் சமைக்க வேண்டுமா, மூன்றாவது வீட்டு ஆறு வயதுப் பையனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருப்பதால் "கொஞ்சமாகப் போட்டால் பரவாயில்லையா", பதினொரு பேருக்குச் சமைத்தால் சோறு குழைந்து காய் சொதசொதவென்று ஆவது ஏன், தினமும் என்ன சமைப்பது என்றெல்லாம் கேட்டிருக்கிறார். கடிதத்தின் நடுவே போகிறபோக்கில் ஒரு வரி: வாந்தி எடுத்த ஐவரில் அவருடைய மூத்த மகனும் உண்டு, அவன் கோழி சாப்பிடுவதே இல்லை.

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஒரு வரியிலிருந்தே தொடங்குகிறேன். கோழியைத் தொடாத பையனுக்கும் வாந்தி வந்தது என்றால், ஐவருக்கும் பொதுவாக இருந்த உணவு நீங்கள் வறுத்த சோறுதான். நேரமும் அதையே காட்டுகிறது. அரைகுறையாக வெந்த கோழியால் வரும் சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவின் தொற்று வெளிப்படக் குறைந்தது 6 மணி நேரமாவது ஆகும், பல நாட்களும் ஆகலாம். பெரும்பாலும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வரும். சாப்பிட்ட 2 மணி நேரத்தில் திடீர் வாந்தி, காய்ச்சல் இல்லை, ஒரு நாளுக்குள் சரியாகிவிட்டது என்றால், உணவில் முன்னமே உருவாகியிருந்த நச்சு என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மீதமிருந்த உணவைப் பரிசோதிக்காமல் இதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரைக் குற்றம் சொல்லும் அளவுக்கு ஆதாரம் உங்களிடம் இல்லை; உள்ள ஆதாரமும் எதிர்த்திசையில் இருக்கிறது.

இதைப் படிக்கும்போது மனம் சங்கடப்படும். உங்கள் சமையலறை அழுக்கு என்று நான் சொல்லவில்லை. நன்றாகக் கழுவிய அரிசியிலும் இது நடக்கும்.

சோற்றில் நடந்தது என்ன

மண்ணிலிருந்து அரிசியோடு வரும் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியா வித்து வடிவில் இருக்கும். அந்த வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. சோறு வெந்து மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகத் தொடங்கும். 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடுதான் பாக்டீரியாக்கள் பெருகும் வரம்பு. இறுக மூடிய பெரிய பாத்திரத்தில் நடுச்சோறு மணிக்கணக்காக அந்த வரம்புக்குள்ளேயே கதகதவென்று கிடக்கும். உங்கள் சோறு ஆறரை மணி நேரம் அப்படி இருந்திருக்கிறது. சமைத்த உணவை வெளியில் வைக்கலாம் என்று சொல்லப்படும் எல்லை 2 மணி நேரம். அறை வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்.

"புகை வரும் அளவுக்குச் சூடாக்கித்தானே வறுத்தேன்" என்று கேட்டிருக்கிறீர்கள். வறுத்ததில் பாக்டீரியா செத்திருக்கும். அது அதற்கு முன்பே சோற்றில் விட்டுவைத்த செரியூலைடு என்ற நச்சு சாகாது. 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் தாக்குப்பிடிக்கும் நச்சு அது. குக்கர், வாணலி, மைக்ரோவேவ் எதுவும் அதை அழிக்காது. முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை, மணமும் நிறமும் மாறியிருக்காது. சமைப்பவர் கையில் உள்ள புண்ணிலிருந்து வரும் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் நச்சும் இதே போல வெப்பத்தைத் தாங்கும், இதே போல விரைவாக வாந்தியைக் கொண்டுவரும். கையில் வெட்டு இருக்கும் நாளில் பிளாஸ்டர் ஒட்டி அதற்கு மேல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால், அது நின்று 48 மணி நேரம் ஆகும் வரை அவர் பொதுச் சமையலில் கைவைக்க வேண்டாம், முறையை மாற்றிக்கொள்ளலாம்.

கோழிக் குழம்பு மேல் எந்தக் கவலையும் வேண்டாம் என்பதும் சரியல்ல. பெரிய பாத்திரம் நிறைய இறைச்சிக் குழம்பு மெதுவாக ஆறினால், குளோஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற வேறொரு பாக்டீரியா அடியில் பெருகும். அது 6 முதல் 24 மணி நேரம் கழித்து வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் தரும். சமைக்கும்போது கோழியின் தடித்த பகுதியின் நடுவே 74 டிகிரி எட்ட வேண்டும். உணவு வெப்பமானி ஒன்று வாங்கி மூன்று வீட்டுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். "வெந்திருக்குமா, இல்லையா" என்ற வாக்குவாதத்தை அந்தக் கருவி முடித்துவைக்கும்.

நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

கூட்டுச் சாப்பாட்டை நிறுத்த வேண்டியதில்லை. வாரத்தில் மூன்று, நான்கு மாலைகளை உங்களுக்குத் திருப்பித் தரும் ஏற்பாட்டை ஒரு பாத்திரம் சோற்றுக்காகக் கைவிட வேண்டாம். மாற்ற வேண்டியது சமைக்கும் வரிசை. சாப்பிடும் நேரத்தை முதலில் குறித்து, அதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். 8 மணிக்குச் சாப்பாடு என்றால் சோறு 7.15-க்கு அடுப்பில் ஏறினால் போதும். மதியமோ முந்தைய இரவோ செய்து வைக்க வேண்டியவை வேறு: காய் நறுக்குவது, பருப்பு ஊறவைப்பது, வெங்காயம் தக்காளி வதக்கி ஃப்ரிட்ஜில் வைப்பது, முழுக் குழம்பையே செய்து குளிரவைப்பது. சோறு, நூடுல்ஸ், முட்டை, மீன், கீரை ஆகியவை கடைசி அரை மணி நேரத்துக்கு உரியவை.

சோற்றை வறுக்க உதிரியான பழைய சோறுதான் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. வடித்த உடனே அகலத் தட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள். ஆவி அடங்க அரை மணி நேரம் போதும். ஒரு மணி நேரத்துக்குள் மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஒரே ஒரு முறை நன்றாகச் சூடாக்கிப் பயன்படுத்துங்கள். மிஞ்சினால் மறுபடி சூடாக்காமல் கொட்டிவிடுங்கள்.

"சூடாக வைத்தால் ஃப்ரிட்ஜ் கெட்டுவிடும், முழுதாக ஆறிய பிறகுதான் வைக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். மிகப் பல வீடுகளில் உள்ள நம்பிக்கை இது. வெளியில் மறந்துபோய்க் கிடக்கும் பாத்திரங்களுக்குக் காரணமும் இதுதான். 6 லிட்டர் குழம்பைக் கொதிக்கக் கொதிக்க உள்ளே வைத்தால் பக்கத்தில் உள்ள பால் சூடாகும் என்பது உண்மை. அதற்காக இரவு முழுக்க வெளியில் ஆறவிடுவது தீர்வாகாது. 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாத சிறு டப்பாக்களில் பிரித்து ஊற்றுங்கள்; அவசரம் என்றால் பாத்திரத்தைக் குளிர்நீர்த் தொட்டியில் வைத்து 10 நிமிடம் கிளறுங்கள். பிறகு வெதுவெதுப்பாக இருக்கும்போதே மூடியைச் சற்றுத் திறந்தவாறு உள்ளே வையுங்கள், குளிர்ந்ததும் இறுக மூடலாம். ஃப்ரிட்ஜ் 4 டிகிரி அளவில் இருக்க வேண்டும். இப்படி வைத்த குழம்பும் பருப்பும் 3 நாள் தாங்கும்.

இரண்டாவது வீட்டில் ஒருவர் இரவு 10 மணிக்குத்தான் வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய பங்கை அடுப்பு மேல் மூடி வைக்காதீர்கள். மற்றவர்களுக்குப் பரிமாறும்போதே எடுத்து டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜுக்கு அனுப்பிவிட்டு, வந்ததும் ஆவி பறக்கச் சூடாக்கிக் கொடுங்கள்.

பதினொரு பேருக்கு எவ்வளவு

குழந்தையை அரைப் பங்கு என்று வைத்தால் உங்களுக்கு மொத்தம் 9 பங்கு. அரிசி பங்குக்கு 80 கிராம் வீதம் சுமார் 720 கிராம்; உலர்ந்த பருப்பு 40 கிராம் வீதம் 360 கிராம்; சுத்தம் செய்த காய்கறி 200 கிராம் வீதம் 1.8 கிலோ; எலும்போடு கோழி என்றால் 1.6 கிலோ. கடிதத்தில் உள்ள 1.5 கிலோ அரிசி, 1 கிலோ காய் என்ற கணக்கு தலைகீழாக இருக்கிறது. மிஞ்சுவதெல்லாம் சோறாக இருப்பது அதனால்தான்.

சோறு குழைவதற்குக் காரணம் நீரையும் அதே மடங்கில் பெருக்குவது. வைக்கும் நீரில் ஒரு பகுதியை அரிசி குடிக்கிறது, மறுபகுதி ஆவியாகப் போகிறது. அரிசி ஐந்து மடங்கு ஆனாலும் ஆவி ஐந்து மடங்கு ஆவதில்லை. ஒரு டம்ளருக்கு இரண்டு டம்ளர் என்று வைத்துப் பழகியவர், ஐந்து டம்ளர் அரிசிக்கு எட்டரையிலிருந்து தொடங்கி அடுத்த முறை சரிசெய்துகொள்ளலாம். வடிக்கும் முறையில் இந்தச் சிக்கல் இல்லை. குழம்புக்கும் இதே விதி பொருந்தும்: மூன்று மடங்கு செய்யும்போது நீரை இரண்டு, இரண்டரை மடங்கோடு நிறுத்துங்கள்.

காய் சொதசொதப்பதற்குக் காரணம் வாணலியின் பரப்பு. 1.8 கிலோ காயை ஒரே வாணலியில் குவித்தால், அடியில் உள்ளது விடும் நீரில் மேலே உள்ளது அவியும், சிவக்காது. இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து வதக்குங்கள், உப்பைக் கடைசியில் போடுங்கள். ஓவன் (மின்சூளை அடுப்பு) இருந்தால் 200 முதல் 220 டிகிரியில், தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி 25 முதல் 35 நிமிடம். பாதியில் ஒரு முறை திருப்பிவிட வேண்டும். பதினொரு பேருக்கு எனக்குத் தெரிந்து இதைவிட வேலை குறைந்த காய் இல்லை.

உப்பைப் பெருக்கல் கணக்கில் போடாதீர்கள். முக்கால் பங்கு போட்டு, இறக்கும் முன் ருசி பாருங்கள். பெரியவருக்கு ஒரு நாளுக்கு மொத்தம் 5 கிராமுக்குக் கீழ் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரவு உணவுக்கு ஒன்றரை கிராம் என்று வைத்தால், உங்கள் 9 பங்குக்கு எல்லாப் பதார்த்தங்களும் சேர்த்து இரண்டரை டீஸ்பூனைத் தாண்டக் கூடாது.

மாமியாரின் தட்டு

தனிச் சமையல் வேண்டாம். தட்டில் பாதி காய்கறி (உருளைக்கிழங்கு, சோளம் இந்தப் பாதியில் சேராது), கால் பகுதி பருப்பு, முட்டை, மீன், கோழி போன்ற புரதம், மீதிக் கால் பகுதி சோறு அல்லது ரொட்டி. காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் எடுத்துக்கொண்டால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறையும். "சோற்றுக்குப் பதில் கோதுமை ரொட்டி கொடுப்பதால் பயமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் மாவுச்சத்துதான், நான்கு ரொட்டி சாப்பிட்டால் சோற்றைத் தவிர்த்ததில் பலன் இல்லை.

அவரைப் பற்றி எனக்குள்ள பெரிய கவலை வேறு. அவர் உணவுக்கு முன் இன்சுலின் போடுகிறார், சர்க்கரையைக் குறைக்கும் கிளிமெபிரைடு மாத்திரையும் எடுக்கிறார். அடுத்த வீட்டிலிருந்து சாப்பாடு வர 8 என்பது 9 ஆனால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். ஆகவே சாப்பாடு வீட்டுக்குள் வந்து தட்டில் விழும் வரை இன்சுலின் போட வேண்டாம். மாத்திரை நேரம் பற்றி அவருடைய மருத்துவரிடம் இந்த ஏற்பாட்டைச் சொல்லிக் கேளுங்கள். நடுக்கம், வியர்வை, குழப்பம் தெரிந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி ரத்தச் சர்க்கரை அளவு பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சாப்பாடு தாமதமாகும் நாளில் அவருக்கென்று வேகவைத்த முட்டையும் ரொட்டியும் வீட்டிலேயே தயாராக இருக்கட்டும்.

வேர்க்கடலை: "கொஞ்சம்" என்பதே கிடையாது

இதில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. மேலே தூவிய கடலையை எடுத்துவிட்டுப் பரிமாறுவது, அவனுக்கு மட்டும் வேறு கரண்டி வைப்பது, இரண்டும் போதாது. ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் வறுத்தாலும் வேகவைத்தாலும் போவதில்லை. சென்ற முறை ஒன்றும் ஆகவில்லை என்பது அடுத்த முறைக்கு உத்தரவாதமும் இல்லை. பொதுச் சாப்பாட்டில் மூன்று வீட்டிலும் வேர்க்கடலை அறவே வேண்டாம். பாட்டில் சாஸ், மசாலாக் கலவை, பொடி வகைகளின் லேபிளை ஒவ்வொரு முறை வாங்கும்போதும் படியுங்கள்; தயாரிப்பு முறை மாறியிருக்கலாம். கடலையைத் தொட்ட கையை சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும், சானிடைசர் அந்தப் புரதத்தை அகற்றாது.

உதடு வீக்கம், உடலெங்கும் தடிப்பு, இருமல், மூச்சுத் திணறல், திரும்பத் திரும்ப வாந்தி ஆகியவை தெரிந்தால், மருத்துவர் கொடுத்துவைத்த அட்ரினலின் ஊசியைத் தொடையின் வெளிப்புறத்தில் உடனே போட்டு ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அலர்ஜி மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அந்த ஊசி எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது என்பதை அவன் சாப்பிடும் மூன்று வீட்டுப் பெரியவர்களும் கற்றுக்கொள்ள வேண்டும்.

என்ன சமைப்பது

உணவை அதன் பெயரால் தேர்ந்தெடுக்காமல், எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பருப்பு, பீன்ஸ் வகைகள், கோழிக் குழம்பு, கெட்டியான காய்கறி சூப் ஆகியவை முந்தைய இரவே செய்து குளிரவைக்க ஏற்றவை. மறுநாள் ருசி கூடும். மொறுமொறுப்பானவை, மீன், கீரை ஆகியவை அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் தளர்ந்துவிடும், அவற்றைச் சனி ஞாயிறில் சொந்த வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நூடுல்ஸும் பாஸ்தாவும் சாற்றைக் குடித்து ஊதிவிடும். சாறு தனி, அவை தனியாகக் கொடுத்தனுப்புங்கள். வெள்ளரி, தக்காளி சாலட்டுக்கு உப்பும் எலுமிச்சைச் சாறும் சாப்பிடும்போதுதான், முன்னால் போட்டால் நீர் விட்டுவிடும்.

வாரத்துக்கு ஒரு மாதிரி: திங்கள் கெட்டிப் பருப்பு, சோறு, ஓவனில் சுட்ட கேரட்டும் காலிஃபிளவரும், ஆளுக்கொரு வேகவைத்த முட்டை. செவ்வாய் கோழிக் குழம்பு, ரொட்டி, முட்டைக்கோஸ் வதக்கல். புதன் காய்கறி சூப், அதில் போட்டுக்கொள்ளத் தனியாக நூடுல்ஸ், முட்டைப் பொரியல். வியாழன் தக்காளியில் வெந்த ராஜ்மா, சோறு, வெள்ளரி. வெள்ளி அந்தந்த வாரம் மிஞ்சிய காய்களையெல்லாம் போட்டு ஒரே பாத்திரச் சாதம், தயிர். எதிலும் மிளகாயைக் குறைவாகப் போட்டு, காரம் வேண்டியவர்களுக்குத் தாளிப்பாகவோ சட்னியாகவோ தனியாகக் கொடுத்தால் குழந்தைகளுக்கென்று இன்னொரு சமையல் தேவைப்படாது.

ராஜ்மாவில் ஓர் எச்சரிக்கை. அதில் லெக்டின் என்ற இயற்கை நச்சு உண்டு. அரைகுறையாக வெந்தால் சில மணி நேரத்திலேயே வாந்தி வரும், மறுபடி பக்கத்து வீட்டுப் பழி தொடங்கும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு மென்மையாகும் வரை வேகவையுங்கள். ஊறிய ராஜ்மாவை நேரடியாக ஸ்லோ குக்கரில் போடக் கூடாது. தக்காளியை ராஜ்மா வெந்த பிறகு சேர்க்க வேண்டும். புளிப்பு அது வேகும் நேரத்தை நீட்டிவிடும்.

இனி ஒருமுறை யாருக்காவது வாந்தி வந்தால், உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறு சிறு மடக்காகக் கொடுங்கள். குழந்தை 6 மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழிக்கவில்லை, மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், கண்கள் மஞ்சளாவது, வாந்தி ஒரு நாளுக்கு மேல் நீடிப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மருத்துவரிடம் போங்கள். உங்கள் மாமியாருக்கு வாந்தி வந்தால் காத்திருக்கவே வேண்டாம், அன்றே காட்டுங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசுவதைத் தள்ளிப்போடாதீர்கள். "கோழி இல்லை, மதியமே வடித்து வைத்த சோறுதான் காரணமாக இருந்திருக்கும். உங்களைச் சொன்னது தப்பு" என்று நேரில் சொன்னால் போதும், நீளமான விளக்கம் வேண்டாம். பிறகு மூன்று வீடும் உட்கார்ந்து சாப்பாட்டு நேரம், வேர்க்கடலைத் தடை, சோறு எப்போது வைப்பது என்ற மூன்றை மட்டும் முடிவு செய்யுங்கள். முதல் இரண்டு வாரம் திங்களும் வியாழனும் மட்டும் பகிர்ந்துகொள்ளுங்கள். சாப்பாடு சொன்ன நேரத்துக்கு வருகிறதா என்று பார்த்துவிட்டு மற்ற நாட்களைச் சேர்க்கலாம்.